பூட்டைப் போட்டது யார்?

2023 டிசம்பரில் எண்ணூர் மக்கள் அடுத்தடுத்து இரண்டு அடிகளைத் தாங்க வேண்டியிருந்தது. மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கியது. கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரை பரவி வலைகளையும் படகுகளையும் அலையாத்தி மரங்களின் வேர்களையும் கறுப்பாக்கியது. அந்தப் பிசுக்கு நீங்குவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். இரண்டு நிகழ்வுகளையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இத்தகைய விசாரணை எதுவானாலும் அது கடைசியில் ஆவணங்களில்தான் போய் நிற்கும். அழுத்தமானி எத்தனை மணிக்கு எந்த அளவைக் காட்டியது, அந்த ஷிப்டில் லாக் எழுதியவர் யார், குழாயைக் கடைசியாகச் சோதித்த அறிக்கை எது, நெருக்கடிகாலச் செயல்முறையின் எந்தப் பதிப்பு அன்று நடைமுறையில் இருந்தது என்றெல்லாம் கேட்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதற்கெல்லாம் பதில் அலமாரியில் இருந்த பேரேடுகளில் இருந்தது. இன்று பெரும்பாலான நிறுவனங்களில் அது ஷேர்பாயிண்ட் போன்ற ஒரு பொது ஆவணத் தொகுப்பில் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய இடம் அது. பேரேட்டில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தினால் மை காட்டிக்கொடுத்துவிடும். கணினியில் 4 என்பதை 7 என்று மாற்றினால், வேறு ஏற்பாடு எதுவும் இல்லாதபோது, திரையில் தடயமே இருக்காது.

அந்த வேறு ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். அது சரியான இடத்தில் விழுந்தால் எண்ணூர் மக்களுக்குக் காவல். தவறான இடத்தில் விழுந்தால், ஒரு திங்கட்கிழமை காலையில் ஓர் அலுவலகத்தின் வேலை மொத்தமும் நின்றுபோகும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வார்ப்பட ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மேற்பார்வையாளர் வாராந்தரச் சோதனைப் படிவத்தைத் திறக்கிறார். படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் குட்டிப் பூட்டுச் சின்னம். அதே ஃபோல்டரில் நேற்றுப் போட்ட கோப்பில் எழுத முடிகிறது, போன வாரத்ததில் முடியவில்லை. "சார், ஃபைல் லாக் ஆயிடுச்சு" என்று ஐ.டி. பிரிவுக்குப் போன் போகிறது. அவர்கள் முதலில் பார்ப்பது அனுமதிப் பட்டியலை. அதில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. மேற்பார்வையாளருக்குத் திருத்தும் உரிமை உண்டு. அப்படியிருந்தும் சர்வர் மறுக்கிறது.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். மறுப்பு என்றாலே உரிமைக் குறைபாடு என்று நினைத்து, அவருக்கு இன்னும் பெரிய உரிமையைக் கொடுக்கிறார்கள். அதுவும் பலிக்காது. ஏனென்றால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பூட்டைப் போட்டது ஆளா, மென்பொருளா, விதியா?

ஆள் போடும் பூட்டு எளிமையானது. ஒருவர் கோப்பை 'செக் அவுட்' செய்து வைத்துவிட்டு விடுப்பில் போயிருப்பார். அவர் திருப்பி ஒப்படைக்கும் வரை அல்லது தளத்தின் உரிமையாளர் அதை ரத்து செய்யும் வரை மற்றவர்களால் எழுத முடியாது. மென்பொருள் போடுவது ஆயுள் குறைந்த பூட்டு. நாம் ஒரு கோப்பைத் திறந்ததும் சர்வர் ஒரு தற்காலிகப் பிடியைத் தருகிறது. இணைப்பு அறுந்தாலும் அது சுமார் 10 நிமிடத்தில் தானாக விடுபட்டுவிடும். ஆக, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பூட்டின் ஆயுள்தான் முதல் துப்பு. பத்து நிமிடத்தில் விலகினால் மென்பொருள். ஒருவர் பெயரைக் காட்டினால் ஆள். நாள் கணக்கில் நீடித்து, யார் பெயரையும் காட்டாமல், பல கோப்புகளில் ஒரே மாதிரி நின்றால் அதன் பின்னால் ஒரு விதி இருக்கிறது.

விதி எங்கிருந்து வருகிறது? காகிதக் காலத்திலேயே அது இருந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதங்களில் எண்ணுக்கு முன்னால் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோப்பு முடிந்ததும் அதை ஓராண்டு வைப்பதா, மூன்றாண்டா, பத்தாண்டா என்று அங்கேயே தீர்மானித்துவிடுகிறார்கள். அந்த இரண்டெழுத்துதான் கோப்பின் ஆயுள். எழும்பூரில் 1909இல் எழுந்த செங்கல் கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அழிக்கக்கூடாதவை என்று முடிவான கோப்புகளின் வீடு. இந்த முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. 'நடப்பு' என்ற நிலையில் இருக்கும்வரை கோப்பில் எழுதலாம், சேர்க்கலாம். 'முடிவு' வந்தபிறகு அது பதிவறைக்குப் போய்விடும். ஒரே கோப்பு ஒரே நேரத்தில் இரண்டு நிலையிலும் இருக்க முடியாது. கட்டடத்தின் சுவரே அந்த வேறுபாட்டைக் காத்தது.

கணினிக்கு வந்தபோது அந்தச் சுவர் போய்விட்டது. எழுதிக்கொண்டிருக்கும் வரைவும் கையெழுத்தான அறிக்கையும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டையும் பிரிப்பது கோப்போடு ஒட்டியிருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு லேபிள் மட்டும். மைக்ரோசாஃப்ட் இன்று பர்வியூ என்ற பெயரில் வழங்கும் நிர்வாகத் தளத்தில் அந்த லேபிளை உருவாக்குகிறார்கள். எத்தனை ஆண்டு வைக்க வேண்டும், பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். கூடவே ஒரு தேர்வு: இந்த லேபிள் விழுந்த கோப்பை 'ரெக்கார்ட்' என்று கருத வேண்டுமா? ஆம் என்று குறித்துவிட்டால் அந்தக் கோப்பைப் பூட்டிய நிலையில் திருத்தவோ அழிக்கவோ முடியாது. வெறும் காலக்கெடு லேபிளுக்கும் ரெக்கார்ட் லேபிளுக்கும் திரையில் ஒரு சொடுக்குதான் வித்தியாசம்.

பூட்டு கோப்புக்குள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை நாம் 'சேமி' என்று அழுத்தும்போதும் அந்தக் கோரிக்கை சர்வருக்குப் போகிறது. சர்வர் அந்தக் கோப்பின் லேபிளைப் பார்த்துவிட்டு ஏற்கிறது அல்லது மறுக்கிறது. அதே கோப்பைத் தரவிறக்கி நம் கணினியில் திறந்தால் தாராளமாக எழுதலாம். இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். தரவிறக்கிய நகல் திறந்து எழுத முடிந்தால் கோப்பு நலமாக இருக்கிறது, தடை தொகுப்பில்தான் இருக்கிறது என்று பொருள்.

இப்போது நம் வார்ப்பட ஆலைக்கு வருவோம். போன வாரக் கோப்பு பூட்டியிருக்கிறது, நேற்றையது திறந்திருக்கிறது. இதற்கு ஒரு விளக்கம் நன்றாகப் பொருந்தும். 'சோதனை அறிக்கை' என்ற சொல் உள்ள கோப்புகளுக்கெல்லாம் தானாக லேபிள் ஒட்டும்படி தலைமையகத்தில் யாரோ ஒரு விதி எழுதியிருக்கலாம். அத்தகைய விதி எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து சேர 7 நாள் வரை ஆகலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. புதிய கோப்பு விதியின் கண்ணில் இன்னும் படவில்லை, பழையது பட்டுவிட்டது. எனவே கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். பூட்டு ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் தொடர்ச்சியாக இருந்தால் அது விதி மெல்ல நகர்ந்து வருவதன் அடையாளம். "இன்று காலை யார் என்ன மாற்றினீர்கள்?" என்று விசாரித்தால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மையும்கூட. மாற்றியது போன வாரம், வேறோர் ஊரில் இருந்த ஒருவர். காரணமும் விளைவும் இப்படி நாள்கணக்கில் பிரிந்து நிற்பதுதான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கக் கடினமாக்குகிறது.

ஒருவேளை எல்லாக் கோப்புகளும், இன்று பதிவேற்றியதும்கூட உடனே பூட்டிக்கொள்கின்றன என்றால் கதை வேறு. அந்தத் தொகுப்புக்கே ஓர் இயல்புநிலை லேபிள் வைத்திருப்பார்கள். கோப்பு உள்ளே விழுந்த கணமே அது ரெக்கார்ட் ஆகிவிடுகிறது, வெற்றுப் படிவமாக இருந்தாலும். தொகுப்பின் அமைப்புப் பக்கத்தில் இது நேராகத் தெரியும். ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து விவரப் பலகையைத் திறந்தாலும் லேபிளின் பெயரும் பூட்டு நிலையும் இருக்கும். சாதாரண ரெக்கார்ட் என்றால் திருத்தும் உரிமை உள்ளவரே பூட்டை அங்கேயே விலக்கி, எழுதி, மறுபடி பூட்டலாம். முந்தைய வடிவம் தனியாகப் பாதுகாக்கப்படும். லேபிளையே கழற்ற வேண்டுமானால் தளத்தின் நிர்வாகி வேண்டும். 'ஒழுங்குமுறை ரெக்கார்ட்' என்ற மூன்றாவது வகை இருக்கிறது. அதைத் தலைமை நிர்வாகியால்கூடக் கழற்ற முடியாது, காலக்கெடுவைக் குறைக்கவும் முடியாது. அந்தத் தேர்வு திரையில் இயல்பாகத் தெரியாதபடி மறைத்தே வைத்திருக்கிறார்கள். சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன். தெரியாமல் தொட்டுவிடக்கூடிய இடத்தில் இருக்க வேண்டிய பொருள் அல்ல அது.

பூட்டுப் போலத் தோன்றும் போலிகளும் உண்டு. ஒன்டிரைவ் வழியாகக் கணினிக்கு இறக்கிய தொகுப்பில் எல்லாக் கோப்புகளும் பூட்டுச் சின்னத்தோடு வந்தால், பல சமயம் லேபிளுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. அந்தத் தொகுப்பில் ஏதாவது ஒரு கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று அமைத்திருந்தாலோ, செக் அவுட் கட்டாயம் என்று வைத்திருந்தாலோ, அது கணினியில் படிக்க மட்டுமே இறங்கும். உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே எழுத முடிந்தால் ஆவணப் பாதுகாப்பு விதியைத் தேட வேண்டியதில்லை.

இன்னொரு வகை சுற்றி வளைத்து வருவது. வழக்குக்காகவோ காலக்கெடுவுக்காகவோ ஒரு தளம் முழுவதையும் 'காத்து வை' என்று சொல்லியிருந்தால், கோப்புகளைத் திருத்தலாம், தனிக் கோப்பை அழிக்கவும் செய்யலாம். ஆனால் அழித்தவற்றின் நகல், சாதாரணப் பயனர் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புத் தொகுப்பில் போய்ச் சேரும். கோப்புகள் உள்ள ஃபோல்டரை மொத்தமாக அழிக்கப் போனால் பிழைச் செய்தி வரும். அந்தக் காப்புத் தொகுப்பும் தளத்தின் இட ஒதுக்கீட்டில்தான் கணக்காகிறது. இடம் நிறைகிறதே என்று ஊழியர்கள் பழைய கோப்புகளை அழிக்க அழிக்க, அவை உள்ளே மறைந்திருக்கும் அறைக்குத்தான் போகின்றன. இடம் மீளாது. கடைசியில் ஒதுக்கீடு தீர்ந்து தளமே படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடலாம். அழிப்பதால் இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த மறைந்த அறையைப் பாருங்கள்.

சுங்க வேலையில் இருப்பவர்களுக்கு ரெக்கார்ட் பூட்டைப் புரியவைக்கப் பாட்டில் சீல் ஒன்று போதும். ராயபுரம் பக்கம் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு கண்டெய்னர் கதவிலும் எண் பொறித்த அந்த இரும்புக் குச்சி இருக்கிறது. கட்டர் வைத்து யாரும் வெட்டலாம். ஆனால் வெட்டியது தெரியாமல் வெட்ட முடியாது. ரெக்கார்ட் பூட்டின் பணியும் அதுதான்: கை வைத்ததைக் காட்டிக்கொடுப்பது.

அந்தக் காட்டிக்கொடுத்தலுக்குக் கணிதத்தில் ஒரு துணை இருக்கிறது. ஷா-256 என்ற முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்குகிறது. பதினாறடிமான முறையில் எழுதினால் 64 எழுத்துகள். கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் அந்த எண்ணின் பிட்களில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு மூலக் கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது. அதே எண் வரும்படி வேறொரு கோப்பைத் தயாரிப்பதும் நடைமுறையில் ஆகாத காரியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கும்போது இணைக்கும் சான்றிதழில் இந்த ஹாஷ் எண்ணைக் கேட்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 7ஆவது பிரிவு அதற்கு முன்பே அடிப்படையை வகுத்துவிட்டது. காத்து வைக்கும் மின்னணு ஆவணம் பின்னாளில் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், உருவான வடிவத்திலோ அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ இருக்க வேண்டும், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரமும் கூடவே இருக்க வேண்டும்.

காலக்கெடுக்களோ ஒன்றோடொன்று மோதுகின்றன. கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைக்கச் சொல்கிறது கம்பெனிகள் சட்டம். ஜி.எஸ்.டி.யில் ஆண்டு விவரணை தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம். சுங்கத் தரகர்கள் தங்கள் பதிவேடுகளை 5 ஆண்டுகளாவது வைக்க வேண்டும். ஒரே இறக்குமதி பில் மூன்று சட்டங்களுக்கும் உட்படலாம். இப்படி மோதும்போது மென்பொருள் கடைப்பிடிக்கும் நெறி தெளிவானது. வைப்பதும் அழிப்பதும் மோதினால் வைப்பது வெல்லும். இரண்டு வைப்புக் காலங்கள் மோதினால் நீண்டது வெல்லும். மண்ணடியில் ஒரு கிளியரிங் அலுவலகம் ஐந்தாண்டு முடிந்ததென்று எண்ணி அழிக்கப் போய், முடியாமல் திகைப்பது இதனால்தான். அவர்கள் போட்ட விதி சரி. அதன்மேல் இன்னொரு விதி படுத்திருக்கிறது. ஒரு தளத்தின்மேல் எந்தெந்த விதிகள் இருக்கின்றன என்று தேடிப் பார்க்கும் வசதி பர்வியூவில் இருக்கிறது. நிர்வாகிகள் அதை முதலிலேயே திறந்தால் பாதி நாள் மிச்சம்.

விதியைத் தளர்த்தும்போது அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு தணிக்கை நிறுவனமான கே.பி.எம்.ஜி. பற்றி 2020 ஆகஸ்டில் வெளிவந்த செய்தி சான்று. ஒரே ஒருவரின் கணக்கை ஒரு காலக்கெடு விதியிலிருந்து விலக்கப்போய், கைத்தவறால் அந்த விதி நிறுவனம் முழுவதற்கும் பொருந்திவிட்டது. சுமார் 1,45,000 பேரின் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் உரையாடல்கள் அழிந்தன, மீட்க முடியவில்லை. பூட்டிக்கொண்ட கோப்பை ஒரு நாளில் திறந்துவிடலாம். அழிந்த கோப்பு அழிந்ததுதான். எனவே பூட்டு எரிச்சலூட்டும்போது முழு விதியையும் அணைத்துவிடுவது மிக மோசமான சிகிச்சை. அந்த ஒரு தொகுப்பை மட்டும் விதிவிலக்காக்குவதே போதும்.

அதைவிடக் கவலை தருவது ஊழியர்கள் தாங்களே செய்துகொள்ளும் வைத்தியம். பூட்டிய கோப்பைத் தரவிறக்கி, 'புதியது', 'ஃபைனல் 2' என்று பெயர் மாற்றி, திரும்ப ஏற்றி அதில் எழுதத் தொடங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை நடந்தாக வேண்டுமே. ஆனால் அந்த நகல் சர்வருக்கு ஒரு புதிய பிறவி. பழைய கோப்பின் வரலாறு அதற்கு இல்லை. உண்மையான அளவீடுகள் 'ஃபைனல் 2'இல் வளர, பூட்டிய கோப்பு போன வாரத்தோடு உறைந்து நிற்கும். ஆறு மாதம் கழித்து ஒரு விசாரணை வந்தால், அதிகாரப்பூர்வமான ரெக்கார்ட் முழுமையற்றதாகவும், முழுமையான கோப்பு நம்பகமற்றதாகவும் இருக்கும். 2017 ஜனவரி 28 விடிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய கப்பல்கள் மோதியபோது, எண்ணெய்க் கசிவு பற்றித் தொடக்கத்தில் வந்த தகவல்களுக்கும் எர்ணாவூர்க் கரையில் வாளி வாளியாக அள்ளிய எண்ணெய்க்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு, எந்தப் பதிவு எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்ற கேள்வியின் எடை புரியும். மீனவர்களின் வாழ்வாதார இழப்பீடும் அந்தக் கேள்வியின் விடையைச் சார்ந்ததுதான்.

ஆகவே தேவையற்ற பூட்டைச் சரிசெய்வது ஐ.டி. பிரிவின் வசதிக்கான வேலை மட்டும் அல்ல. காரணமின்றிப் பூட்டும் அமைப்பு, பூட்டைச் சுற்றிப் போகும் பழக்கத்தை ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அந்தப் பழக்கம் வந்துவிட்ட இடத்தில் சரியான பூட்டும் காக்காது.

கட்டடத்தோடு இழந்த சுவரைத் தொகுப்புக்குள் மறுபடி எழுப்பிவிட்டால் பெரும்பாலான சிக்கல் வராது. எழுதும் கோப்புகளுக்கு ஒரு தொகுப்பு, முடிந்தவற்றுக்கு வேறொன்று. ரெக்கார்ட் லேபிள் இரண்டாவதில் மட்டும். ஷிப்ட் முடிந்து மேற்பார்வையாளர் ஒப்புதல் தந்ததும் கோப்பு இங்கிருந்து அங்கே நகர வேண்டும், பூட்டு அங்கே விழ வேண்டும். சொல்லை வைத்துத் தானாக ஒட்டும் விதியை உலைப் பக்கத்து அளவீட்டுப் படிவங்கள் இருக்கும் தளத்தில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. வார்த்தையைப் பார்த்து வரைவையும் அறிக்கையையும் பிரிக்க இயந்திரத்தால் இயலாது. புது விதி எதுவானாலும் முதலில் பயனற்ற சில கோப்புகள் மட்டும் கொண்ட ஒரு சோதனைத் தளத்தில் ஏற்றி, 7 நாள் முழுதாகக் காத்திருந்து பாருங்கள். மூன்றாம் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிடாதீர்கள்.

பூட்டு விழுந்துவிட்ட பிறகு என்றால், தணிக்கைப் பதிவைத் தள்ளிப்போடாமல் எடுங்கள். எந்தக் கோப்பில் யார் கணக்கு வழியாக லேபிள் விழுந்தது, எப்போது பூட்டியது, யார் திறந்தது என்ற வரிகள் அதில் இருக்கும். அடிப்படைச் சந்தாவில் அந்த வரிகளின் ஆயுள் 180 நாள்.